மதராஸியும் வடக்கனும்

தில்லியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டிவிட்ட என்னைப் போன்றவர்களுக்குப் பெயர் இரண்டு. அப்பா அம்மா வைத்தது ஒன்று. நாம் கேட்காமலே ஊரார் வைத்தது இன்னொன்று: மதராஸி. திருநெல்வேலிக்காரனும் மதராஸி, பாலக்காட்டுக்காரரும் மதராஸி, நெல்லூர் ரெட்டியாரும் உடுப்பி ராயரும்கூட மதராஸிதான். விந்திய மலைக்குத் தெற்கே இருப்பதெல்லாம் மதராஸ் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் இது. 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. 1996இல் நகரத்தின் பெயரும் சென்னை ஆயிற்று. மதராஸி மட்டும் மாறவில்லை.

அந்தச் சொல்லைப் பிரியமாகச் சொன்னவர்களும் உண்டு. இல்லை என்று சொன்னால் நன்றி கெட்டவனாவேன். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் சிக்கல் என்றால், "அந்த மதராஸியைக் கூப்பிடு, அவன் சரியாகப் போட்டுவிடுவான்" என்பார்கள். ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போனபோதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோதும், பஸ்ஸில் கால் மிதிபட்டுச் சண்டை வந்தபோதும் அதே சொல் வேறு மாதிரி ஒலித்தது. நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரிடமும் இதைப் பற்றி ஒரு கதை இருக்கும். கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது நடந்த அன்று சிரித்திருக்க மாட்டார்கள்.

இப்போது நம் சொந்த ஊர்களிலும் அதைப் போல ஒரு சொல் புழங்குகிறது. வடக்கன். பீகார், உத்தரப்பிரதேசம், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அஸ்ஸாம் என்று எங்கிருந்து பிழைக்க வந்தாலும் அவர்களுக்கு ஒரே பெயர்தான். ஒரியா பேசுகிறவனும் வடக்கன், அஸ்ஸாமிய மொழி பேசுகிறவனும் வடக்கன். பூகோள ஞானத்தில் தில்லிக்காரர்களுக்கு நாம் சற்றும் இளைத்தவர்கள் அல்ல என்று நிரூபித்துவிட்டோம்! விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இந்தச் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பி வருவது வெளியூர்த் தமிழர்களாகிய நமக்கு அழகில்லை. நாம்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் தில்லிக்கு வந்தது 1974 ஜனவரியில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. வயது 21. அம்பாசமுத்திரத்தில் மீட்டர்கேஜ் வண்டி ஏறித் திருநெல்வேலி. அங்கிருந்து இன்னொரு மீட்டர்கேஜ் வண்டியில் எழும்பூர். டிரங்குப் பெட்டியையும் ஹோல்டாலையும் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கே காத்திருந்தது கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வருவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதனால் தில்லி என்றாலே அன்று ஜி.டி.தான். இரண்டு இரவுகள், கிருஷ்ணா, கோதாவரி, வார்தா, நர்மதை, சம்பல் என்று ஐந்து ஆறுகள். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை கோதாவரி வரை தாங்கியது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பல்லார்ஷாவுக்கு முன்பே ஊசிப்போயிற்று.

எனக்குத் தெரிந்த இந்தி அன்று மூன்று சொற்கள். எதிரில் ஜான்சிக்காரப் பட்டாளத்துச் சிப்பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினார். உரித்துச் சுளை சுளையாக என் கையில் வைத்து, ஏக், தோ, தீன் என்று எண்ணச் சொன்னார். தப்பாகச் சொன்னால் அந்தச் சுளை அவருக்கு. சரியாகச் சொன்னால் எனக்கு. இட்லியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பசியோடு இருந்தவனுக்கு இதைவிட நல்ல இந்திப் பண்டிட் யார் கிடைப்பார்? ஜான்சி வருவதற்குள் இருபது வரை வந்துவிட்டது. அவர் பெயரைக் கேட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. சுளைகள் நினைவிருக்கின்றன.

தில்லியில் இறங்கியதும் வேறு பாடம். கரோல்பாகில் தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், மெஸ் இருந்தது, கோவில் பஜனை இருந்தது. ஆனால் அறை கிடைக்கவில்லை. முதல் வீட்டில் அறையைக் காட்டி, வாடகை பேசி, கடைசியில் ஊரைக் கேட்டார்கள். சொன்னேன். "மதராஸிகளுக்குத் தருவதில்லை" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டாவது வீட்டில் முதலிலேயே ஊரைக் கேட்டுவிட்டதால் நேரம் மிச்சம். மூன்றாவது வீட்டில் ஒரு பஞ்சாபி அம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மொட்டைமாடியில் ஒற்றை அறை, பர்சாத்தி என்பார்களே, அது காலியாக இருந்தது. இரண்டே கேள்விகள் கேட்டார். வாடகையைப் பத்தாம் தேதிக்குள் தருவாயா? அம்மாவுக்குத் தவறாமல் கடிதம் எழுதுவாயா? இரண்டுக்கும் ஆமாம் என்றேன். அன்றிரவு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு பழைய ரஜாயை மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாஜி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து, இந்தி கொஞ்சம் கைவந்த பிறகு, மற்றவர்கள் மறுத்த இடத்தில் அவர் மட்டும் ஏன் அறை கொடுத்தார் என்று கேட்டேன். அவர் குடும்பம் ராவல்பிண்டியிலிருந்து வந்தது. "நாற்பத்தேழில் நாங்கள் வந்து இறங்கியபோது இந்த ஊர்க்காரர்கள் எங்களை ரெஃப்யூஜி என்று கூப்பிட்டார்கள், பேட்டா. என் பெயர் என்ன என்று அவர்கள் கேட்பதற்கு ஒரு வருஷம் ஆயிற்று" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கோதுமையைப் புடைத்துக்கொண்டே சொன்னார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. ஜி.டி. எக்ஸ்பிரஸ் 1929இல் தொடங்கியபோது பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடியது. பிறகு லாகூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே. அதன் பின்னர்தான் தில்லி–சென்னை என்று சுருங்கியது. பெஷாவரிலிருந்து வரும் பாதை ராவல்பிண்டி வழியாகத்தான். நான் வந்த வண்டியின் பழைய தடத்தில்தான் மாஜியின் ஊரும் இருந்திருக்கிறது. ரயில்வே சரித்திரத்தில் இந்த ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது.

கரோல்பாகில் கதவு சாத்தப்பட்டது பெரிய துன்பம் ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரியவற்றைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. 1966இல் பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது தென்னாட்டவர் எதிர்ப்பே அதன் ஆரம்ப முழக்கமாக இருந்தது. மாதுங்காவிலும் தாராவியிலும் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் எப்படிப் போயின என்று அங்கிருந்து இங்கே மாற்றலாகி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். என் சித்தி மகன் குடும்பம் அப்போது அங்கே இருந்தது. மூன்று இரவுகள் விளக்குப் போடாமல், குழந்தையைத் தமிழில் அழக்கூடாது என்று அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். குழந்தை எந்த மொழியில் அழும்? பயத்தில் மனிதர்கள் இப்படியெல்லாம் பேசுவார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 2023 மார்ச் முதல் வாரத்தில் இதே பயம் எதிர்த்திசையில் புறப்பட்டது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், கொல்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வீடியோக்கள் பறந்தன. வேறு எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களைத் தமிழ்நாட்டில் நடந்ததாகச் சொல்லிப் பரப்பினார்கள். தமிழ்நாட்டுப் போலீஸ் பொய் என்று அறிவித்தது, வழக்குகள் போட்டது. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பிப் பார்த்தது. ஆனால் அந்தச் சமயத்தில் ஹோலி வேறு வந்துவிட்டது. பண்டிகைக்குப் போகிறவர்களும் பயந்து போகிறவர்களுமாக வண்டிகள் நிரம்பி வழிந்தன. என் பக்கத்து வீட்டுப் பீகார்க்காரர், இருபது வருஷப் பழக்கம், அந்த வீடியோவை என்னிடம் காட்டி, "உங்கள் ஊரில் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்கவே இல்லை" என்றார். அவரிடம் என் போனை நீட்டி, போலீஸ் மறுப்பைத் தமிழிலிருந்து வரிவரியாக இந்தியில் சொன்னேன். நம்பினாரா என்று அன்று தெரியவில்லை. மறுநாள் காலையில் அவரே வந்து, தன் ஊர்க் குழுவில் நான் சொன்னதைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

அந்த ஏப்ரல் கடைசியில் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்காக மனைவியோடும் பன்னிரண்டு வயதுப் பேத்தியோடும் ஊருக்குப் புறப்பட்டேன். ஜி.டி.யில் ஸ்லீப்பர்தான் கன்ஃபர்ம் ஆயிற்று. மகன் விமானத்தில் அனுப்புகிறேன் என்றான். பேத்தி ஒரு தடவையாவது ஆறுகளைப் பார்க்கட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன். மனைவிக்கு நாக்பூர் வெயிலை நினைத்து வயிற்றைக் கலக்கியது.

இரவு ஜான்சியில் மூன்று பையன்கள் ஏறினார்கள். பாந்தா ஜில்லாக்காரர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பெர்த். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலையில் கம்பி கட்டுகிறார்கள். அதில் சின்னவனுக்குப் பத்தொன்பது வயது. ஹோலிக்கு வந்தவனை அவன் அம்மா ஒன்றரை மாதம் திருப்பி அனுப்பவே இல்லையாம். மேஸ்திரி போன் செய்துகொண்டே இருந்ததாலும், வீட்டில் கடன் இருந்ததாலும் இப்போது கிளம்பிவிட்டான். ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் அவனுக்குப் போன் வந்தது. போபாலில் வந்தது, இட்டார்சியில் வந்தது, நாக்பூரில் வந்தது. பல்லார்ஷா தாண்டியதும் மறுபடி வந்தது. பையன் சங்கடப்பட்டுக்கொண்டு, "இங்கே ஒரு தமிழ்நாட்டு தாத்தாஜி இருக்கிறார், நீயே கேட்டுக்கொள்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டான்.

அந்த அம்மாளின் பேச்சு எனக்கு முழுவதும் புரியவில்லை. அவர் பேசியது பாந்தாப் பக்கத்துக் கிராமத்து இந்தி. ஆனால் கேள்வி புரிந்தது. அங்கே என் பிள்ளையை யாரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்களே? "ஒன்றும் ஆகாது, பெஹன்ஜி. நான் அந்த ஊர்க்காரன், நான் சொல்கிறேன்" என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, உங்கள் பிள்ளை எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டார். குர்காவ்ம் என்றேன். "அப்படியானால் உங்கள் பிள்ளை எங்கள் பக்கத்தில் இருக்கிறான். நீங்களும் கவலைப்படாதீர்கள், பாயிசாஹப்" என்றார்.

கோதாவரிப் பாலம் வந்தபோது பேத்திக்கு ஆற்றைக் காட்டினேன். மணல்தான் அதிகம் தெரிந்தது. அவள் கவனம் ஆற்றில் இல்லை. அந்தப் பையனுக்கு என்ன தமிழ் தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு, தண்ணி, வா, போ, சீக்கிரம், அதோடு இரண்டு வசைச்சொற்கள். வசை இரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வந்துவிட்டனவாம். யாரும் அவனுக்கு அர்த்தம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பேத்தி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும், தேவநாகரி நன்றாக வரும். நான் சொல்லச் சொல்ல நாற்பது ஐம்பது சொற்களைத் தேவநாகரியில் எழுதி, எதிரே இந்தி அர்த்தமும் எழுதினாள். எவ்வளவு, வேண்டாம், வலிக்குது, காய்ச்சல், சம்பளம், நாளைக்கு, ஊருக்குப் போகணும். எல்லாவற்றிலும் முக்கியமாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். வா என்று சொல்லாதே, வாங்க என்று சொல். போ இல்லை, போங்க. உங்கள் 'ஜி' மாதிரி எங்களுக்கு இந்த 'ங்க'. மேஸ்திரியிடமும் கடைக்காரரிடமும் 'வா, போ' என்று பேசியதால் இரண்டு முறை அடி வாங்கப் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. மரியாதைக் குறைவு அவன் மனதில் இல்லை. அவனிடம் எல்லோரும் பேசிய தமிழைத்தான் அவன் திருப்பிப் பேசியிருக்கிறான்.

ஊர் போய்ச் சேர்ந்தோம். கல்யாணம் நன்றாக நடந்தது. மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் அதற்குச் சொதி இல்லாமல் இலை போட மாட்டார்கள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்குமாக, கூடவே இஞ்சிப் பச்சடி. எங்கள் அம்மை இறந்த பிறகு அந்த ருசிக்காகவே ஊருக்குப் போவதாக என் மனைவி கேலி செய்வாள். பந்தியில் உட்கார்ந்தேன். வாளியோடு ஒரு பையன் வந்து குனிந்து, "அண்ணாச்சி, சொதி இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்றான். முகத்தைப் பார்த்தேன். நம் பக்கத்து முகம் இல்லை. பேச்சு மட்டும் அசல் அம்பாசமுத்திரம். சமையல்காரர் கூட்டிவந்த பையன், ஜார்க்கண்டில் ஹஸாரிபாக்காம், நான்கு வருஷமாக இங்கேதான் இருக்கிறான்.

பக்கத்து இலையில் என் அத்தான். எண்பது வயதை நெருங்குகிறார். நல்ல மனிதர், தங்கமானவர், சிறுவயதில் எனக்குத் தாமிரபரணியில் நீச்சல் பழக்கியவர். "எங்க பாத்தாலும் இந்த வடக்கனுவ வந்துட்டானுவ மாப்ள" என்றார், அந்தப் பையன் எதிரிலேயே. பையனுக்குப் புரியாமல் இருக்குமா? 'அண்ணாச்சி' தெரிந்தவனுக்கு அது தெரியாதா? ஒன்றும் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

"அத்தான், அவன் பேரு என்னன்னு கேட்டியளா?" என்றேன்.

"பேரக் கேட்டு நான் என்ன செய்யப் போறேன்?"

"கரோல்பாக்ல எனக்கு வீடு இல்லைன்னு கதவச் சாத்தினவனும் பேரக் கேக்கல அத்தான். ஊரத்தான் கேட்டான்."

அத்தான் சொதியைப் பிசைவதை நிறுத்தினார். "நீரு தில்லியில இருந்துக்கிட்டு லேசாப் பேசிருதீரு. நம்ம கொத்தனாருக்கு ஒரு கூலின்னா, அவனுவ அதுல பாதிக்கு வாரானுவ. நம்ம பயலுவ பொழப்பு என்னாவும்?"

இது பொய்யான வாதம் இல்லை. ஊரில் உடலுழைப்பை நம்பி இருப்பவர்களுக்கு இந்தப் பயம் உண்மையானது. இதைத் தில்லியில் பென்ஷன் வாங்கிக்கொண்டு நான் அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் பாதிக் கூலிக்கு அந்தப் பையன் ஆசைப்பட்டு வரவில்லை. பாதிக் கூலி கொடுக்கிறவர் நம் ஊர்க்காரர். ஒரே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் ஒரே கூலி என்று 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டமே சொல்லியது. அது பிறகு 2020இல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நம் கொத்தனாரைக் காப்பாற்ற வேண்டுமானால் கேட்க வேண்டியது அந்தச் சம கூலியை. பந்தியில் சொதி ஊற்றுகிறவனை வைவதால் கொத்தனாருக்குப் பத்துப் பைசா கூடாது. இதை அன்று இலைக்கு எதிரேயே அத்தானிடம் சொன்னேன். "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீரு" என்று முணுமுணுத்தார்.

எங்கள் மதினிதான் அதற்கு மேல் போனது. மோர்ச் செம்போடு வந்தவள் நின்று கேட்டுவிட்டு, "அந்தப் பய கொரோனா சமயத்துல அவங்க அம்மைக்கு போன் போட்டு அழுதுக்கிட்டு நின்னான். நாந்தான் ரெண்டு மாசம் சோறு போட்டேன். ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று எங்கள் இருவரையும் சேர்த்தே அடக்கிவிட்டுப் போனாள். மதினிக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. அம்பாசமுத்திரத்துக்கு வடக்கே மதுரையைத் தாண்டியவளும் இல்லை.

சில அன்பர்கள் இங்கே இந்தியைக் கொண்டுவருவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1965இல் நான் பள்ளிச் சிறுவன். மொழிப் போராட்ட ஊர்வலத்தில் அண்ணன்மாரோடு சேர்ந்து நடந்தவன். இந்தியைத் திணிக்கக்கூடாது என்ற எண்ணம் அரை நூற்றாண்டு தில்லியில் இருந்தும் என்னிடம் மாறவில்லை. நம் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஊரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகள் நடத்துகிறதே, அது எவ்வளவு பேருடைய உழைப்பு! ஆனால் திணிப்பு வருவது அரசாணையில். கம்பி கட்ட வருகிற பத்தொன்பது வயதுப் பையன் எந்த ஆணையையும் கையில் எடுத்துக்கொண்டு வரவில்லை. அந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் மொழிக்கும் நல்லது செய்யவில்லை.

போன 2025 ஜூன் முதல் தேதி நம் ஊரிலேயே நடந்ததையும் மறந்துவிட வேண்டாம். ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் கரையில் இருந்த குடியிருப்பு நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதி உள்ளவை என்று தேறியவை 189 குடும்பங்கள். அவர்களுக்கும் இடம் நகரின் வடகோடியில், நரேலாவில். வீட்டு வேலை, துப்புரவு வேலை என்று இந்த நகரத்தைத் தேய்த்துக் கழுவிய தமிழ்க் குடும்பங்கள், இரண்டு மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்கள். அந்த இடத்துக்கு அரசாங்கக் காகிதத்திலேயே பெயர் என்ன? மதராஸி கேம்ப். அன்று அவர்களுக்காக நாம் வருத்தப்பட்டோம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் டி.வி.யும் வருத்தப்பட்டன. அத்தானும் போன் செய்து, "என்னவே, நம்ம சனங்கள இப்படிப் பண்ணிட்டானுவ" என்று பொருமினார். "நம்ம ஊர்ல சொதி ஊத்தினானே, அவன் இருக்கிற கொட்டகைய இடிச்சா அவங்க ஊர்லயும் இப்படித்தான் ஒருத்தர் போன் பண்ணுவார் அத்தான்" என்றேன். போனை வைக்கவில்லை, ஆனால் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார். அதுவே எனக்குப் போதும்.

நம்மால் ஆகக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. பெரிய மாநாடு வேண்டாம். நம் ஒவ்வொருவர் போனிலும் இரண்டு பக்கத்துச் செய்தியும் வருகிறது. காலையில் தெருக்குழுவில் இந்தியில் ஒரு வீடியோ, மாலையில் குடும்பக் குழுவில் தமிழில் ஒரு வீடியோ. இரண்டையும் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள், அங்கே இருப்பவர்களிலும் சிலர்தான், இங்கே இருப்பவர்களிலும் சிலர்தான். அந்தச் சிலர் நாம். பொய் என்று தெரிந்தால் அந்தக் குழுவிலேயே, அந்த மொழியிலேயே சொல்லிவிட வேண்டும். பெரியப்பா என்ன நினைப்பார், மைத்துனர் கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தால் நடக்காது. கோபித்துக்கொள்கிற மைத்துனர் அடுத்த கல்யாணத்துக்கு எப்படியும் பத்திரிகை அனுப்பத்தான் போகிறார்.

இன்னொன்று, என் பேத்தி எழுதிய அந்தத் தாள். சங்கத்தில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டுச் சில திருத்தங்கள் செய்து கொடுத்தார். இப்போது ஒரே தாளில் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி நூற்றிருபது சொற்கள். பிரதி எடுக்க ஆகும் செலவு ஒரு காப்பி விலைகூட இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் பத்துப் பிரதி எடுத்துப்போய் வண்டியில் கொடுக்கலாம். ஜி.டி.யில் போகாவிட்டால் திருக்குறள் எக்ஸ்பிரஸில் கொடுக்கலாம். அந்தப் பெயருள்ள வண்டியில் தமிழ் கற்றுக்கொடுத்தால் பொருத்தமாகத்தான் இருக்கும். விமானத்தில் போகிறவர்கள் ஊரில் கட்டடம் கட்டுகிற இடத்தில் கொடுக்கட்டும். தன்பாத்–ஆலப்புழை வண்டியும் கோரக்பூரிலிருந்து வரும் ராப்திசாகரும் திருப்பூர் வழியாகத்தான் போகின்றன. அந்தப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் அங்கே அனுப்பலாம். ஒரியாவிலும் வங்காளியிலும் இதே தாளைச் செய்து தர நம் உறுப்பினர்களில் யாருக்காவது முடிந்தால் மிகவும் உபகாரமாக இருக்கும். கொல்கத்தாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் சங்கத்தில் இருவர் இருக்கிறார்கள்; அவர்களைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பாந்தாப் பையன் என் நம்பரை வாங்கிக்கொண்டு போனான். ஏழு மாதம் சத்தமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது நானே கூப்பிட்டேன், போன் எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்துப் பேத்தியின் பெயரைச் சொல்லி ஒரு குரல் செய்தி வந்தது. தமிழில்தான். தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு, தாத்தா. வேலை இல்லை. பக்கத்துத் தெரு அக்கா சோறு குடுத்தாங்க. அம்மாகிட்ட சொல்லிட்டேன். குடுத்தாங்க என்றதில் 'ங்க' சரியாக விழுந்திருந்தது. கடைசியில் இந்திக்கு மாறி ஒரு சந்தேகம் கேட்டிருந்தான்: சோறு கொடுத்தவருக்குப் பேரன் இருக்கிறான், அவரை அக்கா என்று கூப்பிடுவது சரியா, அத்தை என்பதா, பாட்டி என்பதா? பாட்டி என்றால் கோபித்துக்கொள்வாரோ?

பேத்தி என்னைக் கேட்கவில்லை. அவள் பாட்டியைப் போய்க் கேட்டுவிட்டு வந்து, அக்கா என்றே கூப்பிடச் சொல்லி அவனுக்குப் பதில் அனுப்பினாள்.